இழுப்பு நின்ற பிறகு: சென்னைக் குழந்தைகளின் ஆஸ்துமாவும் அன்றாட வாழ்வும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஒன்றிரண்டு வாரங்கள் ஆகிவிட்டால், சென்னையில் குழந்தை மருத்துவர்களின் கிளினிக்குகளில் மாலை வேளையில் நெபுலைசருக்கு ஓய்வே இருப்பதில்லை. அம்மாவின் மடியில் சாய்ந்தபடி மாஸ்க் வழியாக மருந்தை இழுத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்குக் கால் மணி நேரத்தில் மூச்சு சீராகிறது. விலா எலும்புகளுக்கு இடையே உள்வாங்கிக்கொண்டிருந்த தோல் பழைய நிலைக்கு வருகிறது. வீசிங் சரியாகிவிட்டது என்ற நிம்மதியோடு குடும்பம் வீடு திரும்புகிறது. சரியானது அன்றைய இழுப்புதான். அந்த இழுப்பை உண்டாக்கிய நோய் மூச்சுக்குழாயின் உட்சுவரில் இன்னும் இருக்கிறது. அடுத்த சளிக்கோ, அடுத்த புகைக்கோ அது மீண்டும் தலைதூக்கும். குழந்தைகளின் ஆஸ்துமா பற்றி நம் ஊரில் நிலவும் குழப்பங்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதிலிருந்தே பிறக்கின்றன.

ஆஸ்துமா உள்ள குழந்தையின் மூச்சுக்குழாயில் எப்போதும் ஓரளவு அழற்சி இருக்கும். வைரஸ் காய்ச்சல், தூசி, புகை, குளிர்ந்த காற்று, ஓட்டம் என ஏதாவது ஒன்று அதைத் தூண்டும்போது குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, கெட்டியான சளி சுரக்கிறது. குழந்தையின் மூச்சுக்குழாய் இயல்பிலேயே சிறியது என்பதால் சிறு வீக்கமும் பெரும் தடையாகிறது: குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால், காற்று சீராக ஓடும் நிலையில்கூட அதற்கு ஏற்படும் தடை 16 மடங்காகிறது. சால்பியூட்டமால் என்ற மருந்து, அதாவது பலரும் அஸ்தாலின் என்ற பெயரில் அறிந்திருப்பது, இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்துகிறது. அதன் பலன் நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை நிற்கிறது. வீக்கத்தை அது தொடுவதில்லை. வீக்கத்தைக் குறைப்பது புடசோனைடு, புளூட்டிகசோன் போன்ற, மூச்சுவழி உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்துகளின் வேலை. அவை நாள்தோறும், வாரக்கணக்கில், குழந்தை நன்றாக இருக்கும்போதும் கொடுக்கப்பட வேண்டியவை.

இழுப்பை நிறுத்தும் மருந்து கண்ணெதிரே வேலை செய்வதால் அதன்மேல் நம்பிக்கை பிறக்கிறது. இழுப்பே வராமல் தடுக்கும் மருந்தோ, கொடுத்த அன்று எந்த மாற்றத்தையும் காட்டுவதில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் அதன் பலன் என்பதால், நன்றாக இருக்கிற பிள்ளைக்கு எதற்கு மருந்து என்று இரண்டாவது மாதமே பல வீடுகளில் அது நின்றுவிடுகிறது. நிவாரண மருந்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்பதை ஆஸ்துமா சிகிச்சைக்கான உலக அளவிலான ஜினா வழிகாட்டுதல் 2019இல் திட்டவட்டமாகச் சொன்னது: 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சால்பியூட்டமாலை மட்டும் கொண்டு சிகிச்சை அளிக்கக் கூடாது, 6 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் லேசான நோயில்கூட ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு இடம் உண்டு. உலக நோய்ச்சுமை ஆய்வின் 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதத்தினர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆஸ்துமா இறப்புகளிலோ இந்தியாவின் பங்கு 40 சதவீதத்துக்கும் மேல். இந்த இடைவெளிக்கு நோய் காலம் தாழ்த்திக் கண்டறியப்படுவதும், தடுப்பு மருந்து தொடர்ந்து கிடைக்காததும், கிடைத்தும் எடுக்கப்படாததும் முக்கியக் காரணங்கள் என்றே நான் கருதுகிறேன்.

சிகிச்சை பலிக்கிறதா என்பதை எதை வைத்து அளப்பது? மருத்துவமனையில் சேர்க்க நேரவில்லை, ஊசி போட நேரவில்லை என்பதை வைத்து அளந்தால், நன்றாக இருப்பதாக நாம் நினைக்கும் குழந்தைகளில் பலர் உண்மையில் நன்றாக இல்லை. கனடாவில் பணியாற்றிய எலிசபெத் ஜூனிபர் 1996இல், 7 முதல் 17 வயது வரையுள்ள ஆஸ்துமா குழந்தைகளுக்கென ஒரு வாழ்க்கைத்தர வினாப்பட்டியலை வெளியிட்டார். அதில் 23 கேள்விகள்: 10 அறிகுறிகள் பற்றியவை, 5 செயல்பாடுகள் பற்றியவை, 8 மனநிலை பற்றியவை. செயல்பாடு பற்றிய ஐந்தில் மூன்றை, தனக்கு முக்கியம் என்று நினைப்பவற்றிலிருந்து குழந்தையே தேர்ந்தெடுக்கிறது. ஒரு பிள்ளைக்கு அது கிரிக்கெட்டாக இருக்கலாம், மற்றொன்றுக்குப் பரதநாட்டிய வகுப்பாக இருக்கலாம், இன்னொன்றுக்கு மாடிப்படி ஏறுவதாகவே இருக்கலாம். மற்றவர்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனதால் வருத்தமாக இருந்ததா, தான் மட்டும் ஒதுக்கப்பட்டதாகத் தோன்றியதா, ஆஸ்துமாவை நினைத்துக் கோபம் வந்ததா என்றெல்லாம் அது கேட்கிறது. நுரையீரல் திறனை ஊதிப் பார்க்கும் பரிசோதனையின் எண்ணும் குழந்தை தரும் விடையும் பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை. பெற்றோரின் விடையும் குழந்தையின் விடையும்கூட அப்படித்தான். குழந்தையிடமே கேட்டாக வேண்டியிருப்பது அதனால்தான்.

குழந்தைகள் தங்கள் குறையைச் சொல்லிக்கொள்வதில்லை, அதற்கேற்பத் தங்களைச் சுருக்கிக்கொள்கிறார்கள். ஓடினால் இருமல் வரும் என்று தெரிந்த பிள்ளை ஓடிப்பிடித்து விளையாடும் கூட்டத்தை விட்டு விலகி, கேரம் பலகைப் பக்கம் போய் உட்கார்ந்துவிடும். உடற்பயிற்சி வகுப்பில் மரத்தடி நிழலில் உட்கார வைக்கப்படும். விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு இருமி எழுந்து, காலையில் கணக்கு வகுப்பில் கண் சொருகும். அந்நேரத்தில் அழற்சியை அடக்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனின் சுரப்பு உடலில் குறைந்தும் மூச்சுக்குழாய் இயல்பாகவே சுருங்கியும் இருப்பதால் ஆஸ்துமாவின் இருமல் அப்போதுதான் வலுக்கிறது. இரவு இருமலைச் சளி என்று நினைத்து விட்டுவிடும் வீடுகளில் அம்மாவும் சேர்ந்தே தூக்கத்தை இழக்கிறார். இவற்றோடு வீட்டில் விதிக்கப்படும் தடைகள் வேறு: தயிர் கூடாது, வாழைப்பழம் கூடாது, ஆரஞ்சு கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, நண்பனின் பிறந்தநாளில் ஐஸ்கிரீம் கூடாது. குறிப்பிட்ட உணவுக்கு ஒவ்வாமை இருப்பது உறுதியான சில குழந்தைகளைத் தவிர, மற்றவர்களுக்கு இந்தத் தடைகளுக்கான மருத்துவ ஆதாரம் மிகக் குறைவு. தடுப்பு மருந்தை நிறுத்திவிட்டுத் தயிரை நிறுத்துவதால் குழந்தைக்கு ஒரு வேளைத் தயிர்சாதம் போனதுதான் மிச்சம். பெண் குழந்தை என்றால் இன்னொரு சுமையும் சேர்கிறது. நாளை கல்யாணப் பேச்சு வரும்போது தெரிந்துவிடுமே என்று இன்ஹேலரை உறவினர் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. ஒளித்துவைக்கும் மருந்தை வேளை தவறாமல் எடுக்க முடியாது.

நோயின் பெயரைச் சொல்வதிலேயே தயக்கம் இருக்கிறது. நெஞ்சுச்சளி, அலர்ஜி, ஈஸ்னோபிலியா, வீசிங் என்று வெவ்வேறு பெயர்களில் ஆண்டுகள் கழிகின்றன. சில குழந்தைகள் பிரைமரி காம்ப்ளெக்ஸ், அதாவது தொடக்கநிலைக் காசநோய், என்ற முத்திரையோடு ஆறு மாதம் காசநோய் மாத்திரை விழுங்கிவிட்டு, அதன் பிறகும் அதே இருமலோடு வருகிறார்கள். காசநோய் நம் மாநிலத்துக் குழந்தைகளிடம் உண்மையாகவே உள்ள நோய்தான். எடை குறைதல், விடாத காய்ச்சல், வீட்டில் காசநோயாளி இருத்தல் போன்றவை இருந்தால் முறையான பரிசோதனை கட்டாயம். ஆனால் வந்து வந்து போகும் இருமலும் விசில் சத்தமும், குறிப்பாக நிவாரண மருந்துக்கு உடனே கட்டுப்படுபவை, காசநோயின் போக்கு அல்ல. இந்த இடத்தில் சென்னையின் வரலாறு ஒன்றை நினைவுகூரத் தோன்றுகிறது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் வைத்துத் தரும் சிகிச்சைக்கு ஈடான பலனை வீட்டிலிருந்தபடி மாத்திரை சாப்பிட்டும் பெறலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. நெஞ்சு நோயை வீட்டில் வைத்தே ஒழுங்காகக் கவனிக்க முடியும் என்பதை நிறுவிய ஊரில், வீட்டிலேயே கட்டுக்குள் வைக்க வேண்டிய ஆஸ்துமா இன்னும் இரவு நேர அவசர சிகிச்சைப் பிரிவையே நம்பி நிற்கிறது.

இன்ஹேலர் பழகிவிடும், அது கடைசிக் கட்ட மருந்து, ஸ்டீராய்டு குழந்தையின் வளர்ச்சியைக் கெடுக்கும் என்ற மூன்று அச்சங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். பழகிப்போவது என்பது இல்லை; நோய் நீடிப்பதால் மருந்தும் நீடிக்கிறது. கடைசிக் கட்ட மருந்து என்பதற்கு அளவே பதில் சொல்லும்: இருமலுக்கும் இழுப்புக்கும் வழக்கமாகக் கொடுக்கப்படும் சால்பியூட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 2 மில்லிகிராம் மருந்து இருக்கிறது, இன்ஹேலரின் ஒரு பஃப்பில், அதாவது ஒரு முறை அழுத்தும்போது வருவதில், இருப்பது 100 மைக்ரோகிராம். அதாவது அந்த 5 மில்லி சிரப், 20 பஃப்புக்குச் சமம். சிரப் வயிற்றில் இறங்கி, ரத்தம் முழுவதும் கலந்து, கை நடுக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் கொடுத்துவிட்டு, மெதுவாகத்தான் நுரையீரலை எட்டுகிறது. கண்ணில் நோவு என்றால் கண்ணில்தானே சொட்டு மருந்து விடுகிறோம். மூச்சுக்குழாய்க்கு மருந்தை மூச்சு வழியாகத் தருவதும் அப்படித்தான்.

வளர்ச்சி பற்றிய அச்சத்தில் சிறிது உண்மை இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 5 முதல் 12 வயது வரையுள்ள 1,041 குழந்தைகளை நான்கு ஆண்டுகளுக்கும் மேல் கவனித்து, 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்ட கேம்ப் ஆய்வில், நாள்தோறும் 400 மைக்ரோகிராம் புடசோனைடு எடுத்த குழந்தைகள், மருந்தில்லாத போலி இன்ஹேலர் எடுத்தவர்களைவிடச் சராசரியாக 1.1 சென்டிமீட்டர் குறைவாக வளர்ந்திருந்தார்கள். அதே குழந்தைகள் பெரியவர்களான பின் 2012இல் வெளிவந்த கணக்கில் வேறுபாடு 1.2 சென்டிமீட்டர், குறைவு தொடக்கத்தில் ஏற்பட்டது, ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகவில்லை. மறுபக்கம், மருந்து எடுத்த குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது 43 சதவீதம் குறைந்தது. அந்த மருந்து நோயின் போக்கை நிரந்தரமாக மாற்றவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். எடுக்கும்வரை கட்டுப்பாடு, நிறுத்தினால் பழைய நிலை. இன்று பெரும்பாலான குழந்தைகளுக்கு இதைவிடக் குறைந்த அளவே போதுமானது. தடுப்பு மருந்தைத் தவிர்த்துவிட்டு, அடிக்கடி வரும் இழுப்புக்கு ஒவ்வொரு முறையும் வாய்வழி ஸ்டீராய்டு மாத்திரையோ சிரப்போ எடுப்பதுதான் எலும்புக்கும் வளர்ச்சிக்கும் கூடுதல் பாரம். ஸ்டீராய்டுக்குப் பயந்து இன்ஹேலரை விட்ட குழந்தை, கடைசியில் அதைவிடப் பன்மடங்கு ஸ்டீராய்டைப் பெறுகிறது.

மருந்து சரியாக இருந்தும் பலன் இல்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது, அது நுரையீரலுக்குப் போய்ச் சேர்கிறதா என்பதை. இன்ஹேலரை நேரே வாயில் அழுத்தினால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் படிந்துவிடும். அதனால் குழந்தைகளுக்கு ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழல் கட்டாயம். நான்கு வயதுக்குக் கீழ் அதோடு மாஸ்க்கும் வேண்டும். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்தி, மாஸ்க்கை மூக்கையும் வாயையும் மூடும்படி இடைவெளியின்றி வைத்து, ஒரு பஃப் அழுத்திவிட்டு, குழந்தை ஐந்தாறு முறை இயல்பாக மூச்சுவிடும்வரை காத்திருக்க வேண்டும். வால்வு ஒவ்வொரு மூச்சுக்கும் திறந்து மூடுவதைப் பார்த்தே எண்ணிவிடலாம். இரண்டு பஃப் வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்து அழுத்தக் கூடாது. மறுபடி குலுக்கி, இரண்டாவதைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அழுதுகொண்டிருக்கும் குழந்தைக்குக் கொடுத்தால் உள்ளே போவது மிகக் கொஞ்சம். அதனால் விளையாட்டுக் காட்டியோ, அசந்து தூங்கும்போதோ கொடுத்துப் பார்க்கும் தாய்மார்கள் உண்டு. தூக்கத்தில் கொடுக்கும்போதும் மாஸ்க் பட்டுக் குழந்தை விழித்து அழுதுவிடுவது வழக்கம் என்பதால், பகலில் விழித்திருக்கும்போது விளையாட்டாகப் பழக்குவதே நீடித்துப் பலன் தரும். தடுப்பு மருந்து கொடுத்தபின் வாய் கொப்பளிக்க வைத்தால் நாக்கில் வெள்ளைப் படலம் வராது.

ஸ்பேசரைக் கழுவும் முறையும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தில் சில சொட்டுகளைக் கலந்து, அதில் ஊறவைத்து எடுத்து, துணியால் துடைக்காமல் காற்றிலேயே உலரவிட வேண்டும். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்னேற்றம் உண்டாகி, மருந்துத் துகள்கள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குழந்தைக்குக் கிடைப்பது குறைந்துவிடும். கடையில் விற்கும் ஸ்பேசர் எட்டாத நிலையிலும் வழி இருக்கிறது: 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் இறுகப் பொருந்தும்படி துளையிட்டுச் செய்த ஸ்பேசரும் வாங்கிய ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்கிறது என்று 1999இல் தென்னாப்பிரிக்காவில் ஹெதர் சாரும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். லேசானதும் நடுத்தரமானதுமான இழுப்புகளில் ஸ்பேசர் வழி கொடுக்கும் மருந்து நெபுலைசருக்குச் சற்றும் குறைந்ததில்லை என்பதும் பல ஆய்வுகளில் உறுதியானது. இரவு பதினொரு மணிக்கு ஆட்டோ பிடித்து ஓடும் தேவையில் ஒரு பகுதியை வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு குழலே தவிர்த்துவிடும் என்றால், அதைச் சொல்லித்தர மருத்துவர் செலவிடும் பத்து நிமிடம் மருந்துச் சீட்டுக்கு நிகரானது. அந்தப் பத்து நிமிடம் பெரும்பாலான கிளினிக்குகளில் கிடைப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

வீட்டுக் காற்றைப் பற்றிப் பேசாமல் இந்த நோயைப் பற்றிப் பேச முடியாது. மூடிய அறையில் ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளியேறும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. தலைக்குக் குளித்த குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் பாட்டியின் அன்பு பெரிது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அந்தப் புகை ஆகாது, துண்டால் நன்றாகத் துவட்டினாலே போதும். கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை, மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த சுவரைச் சுத்தம் செய்தல், தலையணை உறைகளை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைத்தல், கரப்பான் பூச்சி சேராமல் சமையலறையை வைத்தல் என்று செய்யக்கூடியவை பல. ஆனால் எல்லாப் பழியையும் வீட்டின் மேலும், குறிப்பாகத் தாயின் மேலும் போடுவது நியாயமில்லை. 2018 போகியன்று விமானங்களைத் திருப்பிவிட வேண்டிய அளவுக்கு நகரைப் புகை மூடியது. 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது. எண்ணூரிலும் மணலியிலும் வாழும் குழந்தை அனல்மின் நிலையங்கள், தொழிற்சாலைகளின் காற்றைத் தேர்ந்தெடுத்துச் சுவாசிக்கவில்லை. ஒண்டிக்குடித்தனத்தின் ஒரே அறையில் சமையலும் தூக்கமும் நடக்கும் குடும்பத்திடம் தூசியில்லாத படுக்கையறை பற்றிப் பேசிவிட்டு நகர்வது அறிவுரையே அல்ல.

ஐந்து வயதுக்குக் கீழ் விசில் சத்தத்தோடு மூச்சுவிடும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆஸ்துமா இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் டூசான் நகரில் பிறப்பிலிருந்து குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, மூன்று வயதுக்குள் இழுப்பு வந்தவர்களில் ஏறக்குறைய 60 சதவீதத்தினருக்கு ஆறு வயதில் அது இல்லை என்று 1995இல் கண்டது. பெற்றோருக்கோ குழந்தைக்கோ ஒவ்வாமை, தோல் கரப்பான் போன்றவை இருந்தால் நீடிக்கும் வாய்ப்பு கூடுதல். மாத்திரையாகவும் தூளாகவும் தரப்படும் மான்டிலூகாஸ்ட் சிலருக்கு உதவும். ஆனால் அது இன்ஹேலருக்கு மாற்று அல்ல. உறக்கத்தில் அலறுதல், எரிச்சல், மனச்சோர்வு போன்ற விளைவுகள் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. மருந்து தொடங்கியபின் பிள்ளையின் சுபாவம் மாறியதாகத் தோன்றினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பள்ளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. நோய் கட்டுக்குள் இருக்கும் குழந்தை ஓடலாம், நீந்தலாம், கபடி ஆடலாம். ஓட்டத்தால் மட்டும் இழுப்பு வருமானால், மருத்துவர் சொன்னபடி பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாக நிவாரண மருந்து எடுத்துக்கொண்டு மைதானத்தில் இறங்கலாம். அதற்கு இன்ஹேலர் பிள்ளையின் பையில் இருக்க வேண்டும், தலைமை ஆசிரியர் அறையின் பூட்டிய அலமாரியில் அல்ல. ஒரு முழு வாக்கியத்தைச் சேர்ந்தாற்போல் பேச முடியாமல் போவது, விலாவும் கழுத்துக்குழியும் உள்வாங்குவது, உதடு நீலம் பாரிப்பது, அதுவரை கேட்ட விசில் சத்தம் நின்றும் பிள்ளை சோர்ந்துபோவது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். நிவாரண மருந்தைக் கொடுத்துக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும். இதை ஒரு பக்கத்தில் எழுதி வாங்கி வகுப்பாசிரியரிடம் கொடுத்துவைத்தால், அம்மா வந்து சேரும்வரை காத்திருக்கும் நிலை வராது.

மாதாமாதம் தொடரும் செலவுதான் பல குடும்பங்களில் தடுப்பு மருந்து நிற்பதற்கு நேர்க்காரணம். சால்பியூட்டமாலும் புடசோனைடும் இந்திய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்ல முடியும் என்று காட்டியிருக்கிறது. அதே கைகளில் ஒரு ஸ்டீராய்டு இன்ஹேலரும் ஸ்பேசரும் குழந்தைகளின் வீடுகளுக்குப் போகலாம். அதைக் கொண்டுவரும் சுகாதாரப் பணியாளரே எப்படி எடுக்கிறார்கள் என்று ஒரு முறை பார்த்துத் திருத்தவும் செய்யலாம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பெற்றோர் எடுத்துச்செல்ல வேண்டியவை இரண்டு: வீட்டில் பயன்படுத்தும் இன்ஹேலரும் ஸ்பேசரும், கடந்த நான்கு வாரங்களின் கணக்கு. எத்தனை இரவு இருமி எழுந்தது, எத்தனை நாள் நிவாரண மருந்து தேவைப்பட்டது, எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை, எதை விளையாடாமல் விட்டது. ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்க, 4 முதல் 11 வயதுக்கான வினாப்பட்டியலில் ஏழு கேள்விகள் இருக்கின்றன. அவற்றில் நான்குக்குச் சிரிக்கும் முகத்தையும் அழும் முகத்தையும் காட்டும் படங்களைத் தொட்டுக் குழந்தையே விடை சொல்கிறது. மொத்தம் 27இல் 19 அல்லது அதற்குக் குறைவாக வந்தால் நோய் கட்டுக்குள் இல்லை. 200 பஃப் கொண்ட தடுப்பு மருந்து இன்ஹேலர் காலையும் மாலையும் ஒவ்வொன்று வீதம் 100 நாளில் தீர வேண்டும். அதன் பிறகும் அழுத்தினால் வாயு வரும், மருந்து வராது. மூன்று மாதம் எந்தத் தொல்லையும் இல்லாமல் கழிந்தால் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். சென்னைக் குழந்தைக்கு அந்தக் குறைப்பை மழைக்கும் தீபாவளிப் புகைக்கும் முன்பாக அக்டோபரில் தொடங்காமல், போகி முடிந்து, சளிக்காய்ச்சல் அலையும் ஓய்ந்தபின் பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ தொடங்குவதைப் பற்றி அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.